கஞ்சி, முட்டை, ஆட்டுக்கால், வாழைப்பழம்: பெருமூலக்கூறுகளை அடுப்படியிலேயே பார்த்துப் படிக்கிறது எப்படி

ப்ளஸ் ஒன் பயாலஜில உயிரி மூலக்கூறுகள்னு ஒரு பாடம் வரும், கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம்னு நாலு கூட்டம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டவணை, அதை அப்படியே உருப்போட்டு எழுதிட்டு பரீட்சை முடிஞ்ச மறுவாரமே மறந்துடுற பசங்கதான் அதிகம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. இப்ப நான் வீட்ல சாயங்கால டியூஷன் எடுக்கிறேன், இந்தப் பாடத்தை மட்டும் போர்டுல ஆரம்பிக்கிறதே இல்ல, பசங்களை நேரா அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நாலு கூட்டமும் அங்கதான் இருக்கு. நான் எப்படிச் செய்றேன்னு வரிசையா எழுதுறேன், நீங்க படிக்கிற பிள்ளையா இருந்தாலும் சரி, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற அம்மா அப்பாவா இருந்தாலும் சரி, ரெண்டு சாயங்காலம் ஒதுக்கினா போதும்.

முதல்ல சாமானை எடுத்து வெச்சுக்கோங்க. வடிச்ச கஞ்சி, மெடிக்கல்ல கிடைக்கிற பீட்டாடின் லோஷன் சின்ன பாட்டில் (ஆயின்ட்மென்ட் வேண்டாம், தண்ணியா இருக்கிறதுதான் வேணும்), கொஞ்சம் பஞ்சு, கஞ்சி போட்ட பழைய காட்டன் துணில ஒரு துண்டு, கஞ்சியே போடாத துணில ஒரு துண்டு, ஒரு முட்டை, தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், நல்லா கனிஞ்ச வாழைப்பழம், உப்பு, பாத்திரம் தேய்க்கிற லிக்விட், மெடிக்கல்ல விக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட். ஸ்பிரிட் பாட்டிலை இறுக்கி மூடி இப்பவே ஃப்ரீசர்ல வெச்சிடுங்க, அது பெரும்பாலும் கடைசிக்குத்தான் வேணும். எவர்சில்வர் டம்ளர்ல நிறம் தெரியாது, அதனால நாலஞ்சு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கோங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தை மனசுல ஏத்திக்கணும். பெருமூலக்கூறுன்னா சரம். மல்லிப்பூ சரம் மாதிரி. சின்னச் சின்னப் பூ ஒவ்வொண்ணா சேர்ந்து நீளமா ஆகுது இல்லையா, அதே மாதிரி சின்ன மூலக்கூறு ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நூறா, ஆயிரமா, லட்சமா நீண்டு போகுது. இன்னைக்கு இது சாதாரணமா தெரியலாம், ஆனா 1920-ல ஹெர்மன் ஸ்டவ்டிங்கர்ங்கிற ஜெர்மன் வேதியியல்காரர் இதைச் சொன்னப்ப பெரிய பெரிய ஆட்களே ஒத்துக்கல, அவ்வளவு நீளமா ஒரே மூலக்கூறு இருக்க முடியாது, சின்ன மூலக்கூறுங்க கும்பலா ஒட்டிட்டு இருக்குன்னுதான் நினைச்சாங்க. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1953-ல, முப்பது வருஷம் கழிச்சு. அதனால உங்களுக்கு இது உடனே புரியலன்னா கவலைப்படாதீங்க.

எந்தச் சரத்தைப் பார்த்தாலும் மூணு கேள்வி கேளுங்க. பூ எது? எப்படிக் கட்டியிருக்கு? கட்டினதுக்கப்புறம் சரம் எப்படி மடங்கி நிக்குது? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா அது உடம்புல என்ன வேலை செய்யும்ங்கிறது தன்னால வந்துடும், வேலையைத் தனியா மனப்பாடம் பண்ணவே வேண்டாம். நான் சொல்ல வர்றது மொத்தமும் இதுதான்.

இன்னொண்ணு, ரெண்டு பூ சேரும்போதெல்லாம் ஒரு தண்ணி மூலக்கூறு வெளியே போகும். இங்க இருந்து ஒரு ஹைட்ரஜன், அங்க இருந்து ஒரு ஓஹெச், ரெண்டும் சேர்ந்து தண்ணியா கழண்டுடும், அந்த இடத்துலதான் பிணைப்பு விழும். நூறு குளுக்கோஸ் சேர்ந்தா 99 தண்ணி போகும், 100 இல்ல, ஏன்னா நூறு பூவுக்கு நடுவுல 99 முடிச்சுதானே. ஒரு குளுக்கோஸ் 180 டால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு), தண்ணி 18, அப்ப நூறு குளுக்கோஸ் சரத்தோட எடை 18000-ல இருந்து 1782 கழிச்சு 16218. நீட்ல இந்த மாதிரிக் கணக்கு வந்தா 18000-னு போட்டுட்டு வராதீங்க. சரத்தைத் திரும்ப உடைக்கணும்னா அந்தத் தண்ணியைத் திரும்பக் குடுக்கணும், செரிமானம்னு நாம சொல்றதுல பெரும்பகுதி இந்த வேலைதான்.

சரி, கஞ்சிக்கு வருவோம். ஆறின கஞ்சி ஒரு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணில கலக்குங்க. தனியா ஒரு கிண்ணத்துல ரெண்டு சொட்டு பீட்டாடினை (அதுல இருக்கிற அயோடின்தான் நமக்கு வேணும்) ஒரு ஸ்பூன் தண்ணில கலந்து டீ நிறத்துக்குக் கொண்டு வாங்க. இப்ப அந்த டீ நிறத் தண்ணியை கஞ்சில சொட்டு சொட்டா விடுங்க. விழுந்த இடத்துலயே மை கொட்டின மாதிரி கருநீலம் பரவும். எத்தனை தடவை செஞ்சாலும் பசங்க அந்த நிமிஷம் "மிஸ்!"னு கத்துவாங்க. பக்கத்துல பஞ்சுல ஒரு சொட்டு விடுங்க, அது மஞ்சள் கலந்த பிரவுன்லயே நிக்கும், நீலம் வராது.

இப்பதான் முக்கியமான இடம். கஞ்சில இருக்கிற ஸ்டார்ச்சுக்கும் பூ குளுக்கோஸ்தான், பஞ்சுல இருக்கிற செல்லுலோஸுக்கும் பூ குளுக்கோஸ்தான். ரெண்டுலயும் ஒரு குளுக்கோஸோட ஒண்ணாம் நம்பர் கார்பனும் அடுத்ததோட நாலாம் நம்பர் கார்பனும்தான் சேருது. அப்புறம் ஏன் ஒண்ணு சோறாவும் இன்னொண்ணு துணியாவும் இருக்கு? கட்டின விதம் வேற. மல்லிப்பூவை ஊசி நூல்ல கோத்தா எல்லாப் பூவும் ஒரே பக்கம் பார்த்துட்டு இருக்கும், கையால கட்டினா ஒண்ணு இந்தப் பக்கம் தலை வெச்சும் அடுத்தது அந்தப் பக்கம் தலை வெச்சும் போகும் இல்லையா. ஸ்டார்ச்சுல எல்லா குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்க்குது, அதுதான் ஆல்ஃபா 1,4 பிணைப்பு. செல்லுலோஸ்ல ஒண்ணு விட்டு ஒண்ணு 180 டிகிரி திரும்பி நிக்குது, அதுதான் பீட்டா 1,4. புத்தகத்துல ஆல்ஃபா, பீட்டான்னு ஒரு எழுத்துதான் மாறியிருக்கும், ஆனா அந்த ஒரு எழுத்துலதான் வயக்காடும் நெசவுத்தறியும் பிரியுது.

எல்லாம் ஒரே பக்கம் பார்த்தா ஒவ்வொரு முடிச்சுலயும் சரம் கொஞ்சம் கொஞ்சமா வளையும், வளைஞ்சு வளைஞ்சு ஸ்பிரிங் மாதிரி சுருளும், ஒரு சுத்துக்கு சுமார் 6 குளுக்கோஸ். அந்தச் சுருளுக்கு நடுவுல ஒரு பொந்து இருக்கும், அயோடின் போய் உக்கார்ந்து நீலமா தெரியிறது அந்தப் பொந்துலதான். நம்பிக்கை வரலன்னா நீலமான டம்ளரைக் கொதிக்கிற தண்ணி உள்ள பாத்திரத்துல நிறுத்திப் பாருங்க, சூடேற ஏற நீலம் மங்கிப் போகும், சுருள் தளர்ந்து அயோடின் வெளியே வந்துடுது. டம்ளரை எடுத்து ஆற வைங்க, நீலம் திரும்ப வரும். கண்ணுக்குத் தெரியாத சுருளை நிறத்தை வெச்சே பார்த்துட்டோம்.

செல்லுலோஸ்ல பூ மாறி மாறித் திரும்பி நிக்கிறதால இந்த வளைவை அடுத்த வளைவு நேர் பண்ணிடும், சரம் குச்சி மாதிரி நேரா போகும். நேரான குச்சிங்களைப் பக்கத்துல பக்கத்துல அடுக்கினா நெருக்கமா சேரும், நடுவுல ஹைட்ரஜன் பிணைப்பு ஆயிரக்கணக்குல விழும், தண்ணிகூட உள்ள நுழைய முடியாது. அதனாலதான் காட்டன் வேட்டியை எத்தனை தடவை தோய்ச்சாலும் கரையிறதில்ல, தென்னை மரம் காத்துல ஆடியும் நிக்குது. நம்ம வயித்துல ஆல்ஃபா முடிச்சை அவிழ்க்கிற என்சைம் உண்டு, பீட்டா முடிச்சை அவிழ்க்கிறது கிடையாது. மாட்டுக்கும் சொந்தமா கிடையாது, அதோட வயித்துல இருக்கிற நுண்ணுயிரிங்கதான் வைக்கோலைப் பிரிச்சுக் குடுக்குது.

இப்ப அந்த ரெண்டு துணித் துண்டையும் எடுங்க. கஞ்சி போட்ட துணில ஒரு சொட்டு, போடாத துணில ஒரு சொட்டு. போட்டது கருநீலமாகும், போடாதது பிரவுனாவே இருக்கும். இதை நிதானமா பாருங்க, எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்சது இந்தத் துணித் துண்டுதான். நூலும் குளுக்கோஸ், அது மேல பூசின மொடமொடப்பும் குளுக்கோஸ். பாட்டி காலத்துல இருந்து நாம குளுக்கோஸ் மேல குளுக்கோஸைப் பூசி இஸ்திரி போட்டுட்டு இருக்கோம், துவைச்சா மேல இருக்கிறது போயிடும், கீழ இருக்கிறது அப்படியே நிக்கும். (சோதனைக்குப் பேப்பரைப் பயன்படுத்தாதீங்க, நிறைய பேப்பர்ல தயாரிக்கும்போதே ஸ்டார்ச் சேர்ப்பாங்க, நீலம் வந்து குழப்பிடும். பக்கத்துல எலுமிச்சம்பழமும் வேண்டாம், அதுல இருக்கிற வைட்டமின் சி அயோடினோட நிறத்தையே அழிச்சிடும்.)

அடுத்தது எச்சில். தண்ணியா கலக்கின கஞ்சியை ரெண்டு டம்ளர்ல ஊத்துங்க, வெதுவெதுப்பா இருந்தா நல்லது. ஒண்ணுல ஒரு ஸ்பூன் எச்சிலைத் துப்பிக் கலக்குங்க, பசங்க முகம் சுளிப்பாங்க, பரவால்ல. கால் மணி நேரம் கழிச்சு ரெண்டுலயும் அயோடின் விடுங்க. எச்சில் விட்டதுல நீலம் வராது, இல்ல ரொம்ப லேசா வரும், ஏன்னா எச்சில்ல இருக்கிற அமைலேஸ்ங்கிற என்சைம் அதுக்குள்ள சுருளை வெட்டித் தள்ளியிருக்கும். வரலன்னா கஞ்சி கெட்டியா இருந்திருக்கும், இன்னும் தண்ணி ஊத்தி இன்னும் கொஞ்சம் நேரம் விடுங்க. வெறும் சோத்தை ரெண்டு நிமிஷம் முழுங்காம மென்னுட்டே இருந்தா இனிக்குமே, அதுவும் இதே வேலைதான், அந்த இனிப்பு ரெண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸோடது.

ஸ்டார்ச்சுல அமைலோஸ் நேரா போற சரம், அமைலோபெக்டின் 24-ல இருந்து 30 குளுக்கோஸுக்கு ஒரு தடவை கிளை விடுற சரம். அமைலோஸ் அதிகமா உள்ள அரிசி உதிரி உதிரியா வேகும், குறைஞ்சா குழையும், ஒட்டும். நம்ம ஈரல்லயும் தசையிலயும் இருக்கிற கிளைக்கோஜன் இன்னும் அடர்த்தி, 8-ல இருந்து 12-க்கு ஒரு கிளை. கிளை கூடினா முனை கூடும், என்சைம் முனையில இருந்துதான் குளுக்கோஸைக் கழட்டும், அதனால கிளம்பிட்ட பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கணும்னா அந்த நிமிஷமே நிறைய குளுக்கோஸ் கிடைக்கும். எறா ஓட்டுல இருக்கிற கைட்டினும் செல்லுலோஸ் மாதிரியே பீட்டா முடிச்சுதான், பூ மட்டும் நைட்ரஜன் சேர்ந்த குளுக்கோஸ்.

புரதத்துக்கு முட்டையை உடைச்சு வெள்ளைக்கருவைத் தனியா எடுங்க. அதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணி, மீதியில பெரும்பகுதி புரதம். புரதச் சரத்துக்குப் பூ அமினோ அமிலம். கண்ணாடி மாதிரி இருக்கில்ல, அங்க ஒவ்வொரு புரதச் சரமும் தனித்தனியா உருண்டையா மடங்கிக் கிடக்கு, எண்ணெய்க்குணம் உள்ள அமினோ அமிலமெல்லாம் உள்ள ஒளிஞ்சிருக்கும், தண்ணிக்குப் பிடிச்சதெல்லாம் வெளியே இருக்கும். தோசைக்கல்லுல ஊத்தினா 60 டிகிரி தாண்டினதும் உருண்டை பிரிய ஆரம்பிக்கும், உள்ள இருந்தது வெளியே வரும், ஒண்ணோட ஒண்ணு சிக்கிப் பின்னி வெள்ளையா கெட்டியாயிடும். நெருப்பு இல்லாமலும் செய்யலாம், ஒரு டம்ளர்ல கொஞ்சம் ஸ்பிரிட் ஊத்தி (அடுப்பு அணைச்சிருக்கான்னு பார்த்துட்டு) அதுல ஒரு ஸ்பூன் பச்சை வெள்ளைக்கருவை விடுங்க, அப்படியே வெளுத்துத் திரிஞ்சு போகும். கைக்கு சானிடைசர் போட்டா கிருமியோட புரதத்துக்கு நடக்கிறதும் இதுதான். இங்க ஒரு விஷயத்தை எழுதி வெச்சுக்கோங்க: சரம் அறுந்து போகல, அமினோ அமிலங்களைச் சேர்த்துக் கட்டுற முடிச்சான பெப்டைட் பிணைப்பு அப்படியே இருக்கு, மடிப்பு மட்டும்தான் கலைஞ்சது. மடிப்பு கலைஞ்சா வேலை போச்சு. டினேச்சரேஷன்னா இவ்வளவுதான்.

கார்போஹைட்ரேட் சரத்துல பெரும்பாலும் ஒரே பூ திரும்பத் திரும்ப வரும். புரதம் கதம்பம், 20 வகை அமினோ அமிலம், எது எதுக்குப் பக்கத்துல வருதுங்கிறதுதான் உயிர். எந்த வரிசைன்னு முதன்முதலா ஒரு புரதத்துக்கு முழுசா கண்டுபிடிச்சவர் ஃப்ரெட் சாங்கர், அந்தப் புரதம் இன்சுலின், 21-ம் 30-ம் ரெண்டு சரமா மொத்தம் 51 அமினோ அமிலம், அதுக்கு 1958-ல நோபல் வாங்கினார். உங்க வீட்ல யாராவது இன்சுலின் போட்டா அதை ஏன் மாத்திரையா முழுங்காம ஊசியா போடுறாங்கன்னு பிள்ளைகிட்ட கேளுங்க, வயித்துக்குள்ள போனா முட்டையைச் செரிக்கிற மாதிரி அதையும் செரிச்சிடும்னு அவங்களே சொல்லணும். ஏன் வெயில்ல வைக்கக் கூடாதுன்னும் கேளுங்க, பதில் தோசைக்கல்லுல இருக்கு.

வரிசையில ஒரு பூ மாறினா என்னாகும்? ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின்ல நாலு சரம், 141 அமினோ அமிலத்துல ரெண்டு, 146-ல ரெண்டு, மொத்தம் 574. அந்த 146-ல ஆறாவது இடத்துல குளூட்டமிக் அமிலம் இருக்கணும், அது தண்ணிக்குப் பிடிச்சது. அங்க வேலின் வந்துட்டா அது எண்ணெய்க்குணம், ஆக்சிஜனை விட்டதும் ஒரு ஹீமோகுளோபின் இன்னொண்ணோட ஒட்டி ஒட்டிக் கம்பி மாதிரி நீளும், உருண்டையான சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக் குழாய்ல மாட்டிக்கும். இந்தியாவுல இந்த அரிவாள் செல் நோயை முதல்ல பதிவு பண்ணினது நம்ம நீலகிரி மலையில, பழங்குடி மக்கள்கிட்ட, 1952-ல. இன்னைக்கும் அங்க குடும்பங்கள் இந்த வலியோட வாழ்றாங்க. பாடத்துல ஒரு வரியா தாண்டிப் போற விஷயம் இது, தயவுசெஞ்சு தாண்டிப் போகாதீங்க.

சைவமா இருந்தா அடுத்த பத்தியைப் படிச்சு மட்டும் வெச்சுக்கோங்க, அசைவம்னா ஞாயித்துக்கிழமை செஞ்சு பாருங்க. ஆட்டுக்காலை நல்லா ரெண்டு மூணு மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டி, அந்தத் தண்ணியை ஒரு கிண்ணத்துல ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலைல பார்த்தா மேல கொழுப்பு வெள்ளையா உறைஞ்சிருக்கும், அதை ஸ்பூனால எடுத்துப் போட்டுட்டு கீழ தொட்டுப் பாருங்க, ஜெல்லி மாதிரி ஆடும். அது கொலாஜன், நம்ம உடம்புப் புரதத்துல சுமார் மூணுல ஒரு பங்கு இதுதான், தோல், எலும்பு, தசைநார் எல்லாத்துலயும். மூணு சரம் சேர்த்துப் பின்னின ஜடை அது. கொதிக்கும்போது ஜடை அவிழ்ந்து ஜெலட்டின் ஆகும், ஆறும்போது அங்கங்க மறுபடி பின்னிக்கிட்டு நடுவுல தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனாலதான் ஆடுது. திரும்பச் சூடு பண்ணினா திரும்பத் தண்ணியாகும். முட்டைல இது நடக்காது, வெந்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாது. ரெண்டும் புரதம்தான், சிக்கிக்கிற விதம் வேற.

அந்த ஜடையைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையில. மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல கொலாஜன் மூணு சரம் பின்னினதுன்னு வெளியிட்டாங்க. அவங்க யோசனைக்கு அடிப்படை ஒரு எளிமையான விஷயம்: கொலாஜன்ல ஒவ்வொரு மூணாவது பூவும் கிளைசின். ஏன் கிளைசின்? மூணு சரமும் நெருங்கி வர்ற நடு இடத்துல இடமே கிடையாது, கிளைசினுக்குப் பக்கக் கிளையா ஒரே ஒரு ஹைட்ரஜன்தான், அது மட்டும்தான் அங்க நுழையும். அதுக்கப்புறம் 1963-ல ராமச்சந்திரன், சசிசேகரன், ராமகிருஷ்ணன் மூணு பேரும் போட்ட வரைபடத்தைத்தான் உலகம் முழுக்க ராமச்சந்திரன் ப்ளாட்னு சொல்றாங்க. பெப்டைட் பிணைப்பு அட்டை மாதிரித் தட்டையா இருக்கும், திரும்பாது, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பிணைப்புதான் திரும்பும், எந்தக் கோணத்துல திரும்பினா அணு அணுவோட இடிக்காதுன்னு கணக்குப் போட்டு வரைஞ்சாங்க. இன்னைக்கும் ஒரு புதுப் புரதத்தோட வடிவத்தைக் கண்டுபிடிச்சா அது சரியான்னு அந்த வரைபடத்துல வெச்சுத்தான் சரிபார்க்கிறாங்க. ரெண்டு தீப்பெட்டியை நடுவுல நூலால இணைச்சுத் திருப்பிப் பார்த்தா எங்க இடிக்குதுன்னு கையிலயே தெரியும், பசங்களைச் செய்யச் சொல்லுங்க.

கொழுப்பை நான் சீக்கிரமா முடிச்சிடுவேன். அது சரமே இல்ல. ஒரு கிளிசரால், மூணு கொழுப்பு அமிலம், மூணு தண்ணி போச்சு, அவ்வளவுதான், நீளாது. அப்ப ஏன் பெருமூலக்கூறு பாடத்துல வருதுன்னு நல்ல பிள்ளைங்க கேப்பாங்க. லேப்ல பெரிய மூலக்கூறையும் சின்ன மூலக்கூறையும் பிரிக்க திசுவை அமிலத்துல அரைச்சு வடிகட்டும்போது செல்சவ்வு துண்டு துண்டாகி சின்னப் பைகளா மாறிடும், அது தண்ணில கரையாம பெரிய மூலக்கூறுங்களோட வடிதுணி மேலயே தங்கிடும். தங்கினதாலதான் அந்தக் கூட்டத்துல சேர்த்தாங்க, தனி மூலக்கூறா பார்த்தா எடை ஆயிரம் டால்டனைத் தாண்டாது. தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் ரெண்டு சின்னக் கிண்ணத்துல ஃப்ரிட்ஜ்ல வைங்க. தேங்காய் எண்ணெய் உறைஞ்சிடும், மார்கழிக் காலைல பாட்டில்லயே உறைஞ்சு கிடக்குமே அதே மாதிரி. அதுல சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலம், வால் நேரா இருக்கும், விறகுக் கட்டை மாதிரி நெருங்கி அடுக்கும். நல்லெண்ணெயில வால்ல இரட்டைப் பிணைப்பு இருக்கிறதால முழங்கை மாதிரி ஒரு மடக்கு, நெருங்கி அடுக்க முடியாது, உறையாம ஓடிட்டே இருக்கும். மூணு வால்ல ஒண்ணை எடுத்துட்டு அங்க பாஸ்பேட் தலையை வெச்சா அது பாஸ்போலிப்பிட், தலை தண்ணியைத் தேடும், வால் தண்ணியை விட்டு ஓடும், ரெண்டு அடுக்கா நின்னு செல்லுக்குச் சுவராகும். இந்தச் சுவரைத்தான் இப்ப உடைக்கப் போறோம்.

கடைசிக் கூட்டம் நியூக்ளிக் அமிலம், அதுல ஒண்ணான டிஎன்ஏவை வாழைப்பழத்துல இருந்து எடுக்கப் போறோம். பழத்துல பாதியை எடுத்து ஒரு கெட்டியான கவர்ல போட்டுக் கையால மசிங்க. மிக்ஸில அரைக்காதீங்க, பிளேடு சுத்துற வேகத்துல டிஎன்ஏ துண்டு துண்டாயிடும். பூவன், ரஸ்தாளி எதுவும் ஆகும், அதெல்லாம் ஒரு செல்லுல குரோமோசோம் மூணு செட் வெச்சிருக்கிற வகை, டிஎன்ஏ தாராளம். தனியா அரை டம்ளர் தண்ணில அரை ஸ்பூன் உப்பு, ரெண்டு ஸ்பூன் பாத்திர லிக்விட் ஊத்தி நுரை வராம மெதுவா கலக்குங்க. அதைப் பழத்தோட சேர்த்துப் பத்து நிமிஷம் விடுங்க. சோப்பு கொழுப்புச் சுவரைக் கரைச்சிடும், செல்சவ்வும் போகும், நியூக்ளியஸ் சவ்வும் போகும். டிஎன்ஏ முதுகெலும்புல பாஸ்பேட் எல்லாம் நெகட்டிவ் சார்ஜ், ஒண்ணை ஒண்ணு தள்ளிட்டே இருக்கும், உப்புல இருக்கிற சோடியம் போய் அந்தச் சார்ஜை அடக்கும், அப்பதான் சரங்க ஒண்ணு சேரும். பழைய வேட்டித் துணில வடிகட்டுங்க, பிழியாதீங்க, தானா இறங்கட்டும்.

வடிஞ்ச தண்ணியை ஒரு ஒடுக்கமான கண்ணாடி டம்ளர்ல மூணு விரல் உயரத்துக்கு எடுங்க. ஃப்ரீசர்ல இருந்து ஸ்பிரிட்டை எடுத்து (வீட்ல அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது, பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும்) டம்ளரைச் சாய்ச்சுப் பிடிச்சு ஓரமா, கலங்காம, அதே அளவுக்கு ஊத்துங்க. ஸ்பிரிட் மேல தனியா நிக்கும். இப்ப ஆட்டாம பாருங்க. ரெண்டு அடுக்கும் சேர்ற கோட்டுல முதல்ல சின்னச் சின்னக் குமிழி வரும், அப்புறம் மூக்குச்சளி மாதிரி, சிலந்தி நூல் மாதிரி வெள்ளையா கிளம்பி மெதுவா மேல ஏறும். அஞ்சு நிமிஷத்துல பல்குத்துற குச்சியால சுத்தி எடுத்துடலாம். டிஎன்ஏ தண்ணில கரையும், ஸ்பிரிட்ல கரையாது, அதான் வெளியே வந்துடுச்சு. பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க, நாம பாக்கிறது ஒத்தை இழை இல்ல, கோடிக்கணக்கான இழை சேர்ந்த கொத்து, கூடவே பழத்தோட பெக்டினும் கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும். ஒத்தை இழையோட அகலம் 2 நானோமீட்டர்தான், எந்தக் கண்ணுக்கும் தெரியாது. சரியா வரலன்னா ஸ்பிரிட் சில்லுனு இல்ல, இல்லன்னா வேகமா ஊத்திக் கலக்கிட்டீங்க.

1869-ல ஃப்ரீட்ரிக் மீஷர்னு ஒரு இளம் டாக்டர் ஜெர்மனில டூபிங்கன் ஊர்ல ஆஸ்பத்திரில தூக்கிப் போட்ட சீழ் படிஞ்ச பேண்டேஜைக் கழுவி அதுல இருந்த வெள்ளையணுவோட நியூக்ளியஸ்ல இருந்துதான் இந்தப் பொருளை முதல்ல பிரிச்சு எடுத்தார். அவர் வேலை செஞ்ச லேப் ஒரு பழைய கோட்டையோட சமையல்கட்டு. அடுப்படியில நின்னு இதைச் செய்யும்போது அவரைப் பத்தி நான் சொல்லாம இருக்கிறதில்ல.

மூணு கேள்விக்கு வாங்க. பூ எது? நியூக்ளியோடைடு: சர்க்கரை, பாஸ்பேட், அது கூட ஏ, டி, ஜி, சின்னு நாலு காரத்துல (பேஸ்) ஒண்ணு. எப்படிக் கட்டியிருக்கு? சர்க்கரை பாஸ்பேட் சர்க்கரை பாஸ்பேட்னு. எப்படி நிக்குது? ரெண்டு சரம் எதிரெதிர் திசையில ஓடி முறுக்கிட்டு, ஏ எதிர்ல டி ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, ஜி எதிர்ல சி மூணு. இப்ப வேலை என்னன்னு கேளுங்க. ஒரு சரம் இருந்தா எதிர்ச்சரத்தை எழுதிடலாமே, அப்ப காப்பி எடுக்கிறதுக்குன்னே செஞ்ச வடிவம் இதுன்னு பிள்ளையே சொல்லும். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினோட ஆய்வுல 1952-ல எடுத்த எக்ஸ்ரே படத்துல முறுக்கு தெரிஞ்சது, 1953-ல வாட்சனும் கிரிக்கும் மாடல் கட்டினாங்க. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் 0.34 நானோமீட்டர், நம்ம ஒரு செல்லுல சுமார் 660 கோடி ஜோடி, பெருக்கிப் பாருங்க, 2.2 மீட்டர் வரும். கதவு நிலையை விட உயரம், அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத நியூக்ளியஸுக்குள்ள ஹிஸ்டோன் புரதத்து மேல நூல்கண்டு மாதிரி சுத்தி வெச்சிருக்கு.

ஆர்என்ஏ பெரும்பாலும் ஒத்தைச் சரம், சர்க்கரையில ஒரு ஓஹெச் கூடுதல், அந்த ஒண்ணாலயே சீக்கிரம் உடையும். அதனால நிரந்தரமா வைக்கிற தகவல் டிஎன்ஏல, அவசரச் சீட்டு ஆர்என்ஏலன்னு வெச்சுக்கலாம். ஆனா சீட்டு மட்டும் இல்ல, செல்லுக்குள்ள புரதம் கட்டுற பட்டறையான ரைபோசோம்ல அமினோ அமிலத்தை ஒண்ணோட ஒண்ணு கட்டுறதே ஆர்என்ஏதான், புரதம் இல்ல. அந்த ரைபோசோமோட வடிவத்தை அணு அணுவா கண்டுபிடிச்சதுக்கு 2009-ல நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர் சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பூக்கட்டுற கை ஆர்என்ஏ, கட்டின சரம் புரதம், எந்தப் பூவுக்கப்புறம் எந்தப் பூன்னு எழுதி வெச்சிருக்கிற நோட்டு டிஎன்ஏ.

குச்சில சுத்தின அந்த வெள்ளை இழையை ஒரு சின்ன மருந்து பாட்டில்ல கொஞ்சம் ஸ்பிரிட் ஊத்தி அதுல போட்டு மூடுங்க, தேதியையும் எந்தப் பழம்னும் ஒட்டி வைங்க, நாளானாலும் கரையாம இருக்கும். சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டாத அலமாரில வைங்க. மீதி ஸ்பிரிட் கலந்த தண்ணியைக் கழிவுல ஊத்தி நிறையத் தண்ணி விட்டுடுங்க, பீட்டாடின் பட்ட டம்ளரை எலுமிச்சம்பழத்தோல்ல தேய்ச்சா கறை போயிடும்.